ஒரே பெயரில் நான்கு பேர்: மாவ்ரோகொர்தாடோஸ் குடும்ப வரலாற்றைப் படிக்கத் தொடங்குவோருக்கு

1709இல் இறந்துபோன ஒருவரை 1822இல் கிரேக்க நாட்டின் தலைமைப் பொறுப்பில் உட்கார வைத்தவன் நான். இந்தக் குடும்பத்தைப் பற்றிக் குறிப்பெடுக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் நடந்தது அது. இருவருக்கும் பெயர் அலெக்சாந்திரோஸ் மாவ்ரோகொர்தாடோஸ். நான் இருவருக்கும் ஒரே பக்கத்தை ஒதுக்கியிருந்தேன். இடையே இன்னும் இரண்டு அலெக்சாந்திரோஸ்கள் இருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. புதிதாக நுழைகிறவர்கள் அதே பள்ளத்தில் விழ வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உதுமானியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்), கோல்டன் ஹார்ன் எனப்படும் கழிமுகத்தின் கரையில் ஃபனார் என்றொரு பகுதி உண்டு. விளக்கு என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்த பெயர். 1600ஆம் ஆண்டு வாக்கில் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைமைக் குருவான பேட்ரியார்க் அங்கே குடியேறினார். அவரைச் சுற்றிக் கிரேக்கம் பேசும் பணக்காரக் குடும்பங்கள் வீடு கட்டின. அவர்களுக்குத்தான் ஃபனாரியோட்டுகள் என்று பெயர். அந்தக் குடும்பங்களில் எதைப் பிடித்துத் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு மாவ்ரோகொர்தாடோஸ் குடும்பத்தைத்தான் சொல்வேன். முதல் தலைமுறையிலிருந்து, 1821இல் உதுமானியருக்கு எதிராக வெடித்த கிரேக்கப் புரட்சி வரை நூல் அறுந்துபோகாமல் பின்தொடரக்கூடிய கதை அது.

முதல் படி: குடும்ப மரத்தை வரையாதீர்கள், பதவிகளை எழுதுங்கள்

பிரபுக் குடும்பம் என்றவுடன் கோட்டை, ஜமீன், பரம்பரைப் பட்டம் என்று மனம் ஓடும். இங்கே அவை எதுவும் இல்லை. உதுமானியப் பேரரசில் ஒரு கிறிஸ்தவனுக்குப் பரம்பரைப் பிரபுப் பட்டம் கிடையாது. சுல்தான் பதவி கொடுப்பார், நாளைக்கே பறிப்பார். பதவியோடு தலையும் போகலாம். ஆகவே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் நான்கு பதவிகளை எழுதிக்கொள்ளுங்கள்: அரண்மனையின் பெரிய துபாஷி, கடற்படையின் துபாஷி, மால்டேவியாவின் ஆட்சியாளர், வாலாகியாவின் ஆட்சியாளர். கடைசி இரண்டும் இன்றைய ருமேனியா, மால்டோவா பகுதியில் சுல்தானுக்கு அடங்கியிருந்த நாடுகள். ஃபனார் குடும்பங்களின் வரலாறு பெரும்பாலும் இந்த நான்கு நாற்காலிகளுக்காக நடந்த ஓட்டம்தான்.

துபாஷி என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஐரோப்பிய நூல்களில் திராகோமான் என்ற சொல்லைப் பார்ப்பீர்கள். தர்ஜுமான் என்ற அரபுச் சொல்லின் திரிபு அது. குர்ஆன் தர்ஜமா என்று தமிழ் முஸ்லிம்கள் வழங்குகிறார்களே, அதே வேர். ஆனால் மொழிபெயர்ப்பாளர் என்று மட்டும் எழுதினால் பதவியின் கனம் குறைந்துவிடும். வெளிநாட்டுத் தூதர் சொல்வதைச் சுல்தானின் தலைமை அமைச்சரான வஸீரிடம் சொல்வதும், வஸீரின் பதிலைத் தூதரிடம் சொல்வதும், இடையில் எதை எப்போது மென்மையாக்குவது என்று முடிவெடுப்பதும் இவர் கையில் இருந்தன. நடைமுறையில் பாதி வெளியுறவு அமைச்சர். குதிரையில் ஏறிச் செல்லவும் தாடி வளர்க்கவும் இவருக்கு அனுமதி இருந்தது. மற்றக் கிறிஸ்தவக் குடிமக்களுக்கு எட்டாத மரியாதைகள் இவை.

1661இல் பனாயோடிஸ் நிகூசியோஸ் என்ற மருத்துவர் இந்தப் பதவிக்கு வந்த பிறகு, 1821 வரை அது கிரேக்கர்கள் கையை விட்டுப் போகவில்லை. மருத்துவர் எப்படி அங்கே வந்தார் என்று கேட்பீர்கள். கத்தோலிக்கர் அல்லாதவர்களையும் சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழகம் வெனிஸ் ஆட்சியிலிருந்த பதுவாவில் இருந்தது. வசதியான கிரேக்கப் பிள்ளைகள் அங்கே மருத்துவம் படித்தார்கள். கூடவே இத்தாலியமும் லத்தீனும் வந்தன. ஊர் திரும்பினால், நாடி பார்க்கும் சாக்கில் பாஷாவின் உள் அறை வரை போகலாம். உள்ளே போனவருக்கு ஐரோப்பிய மொழிகளும் தெரியும் என்றால், பிறகு வெளியே விடுவார்களா?

இரண்டாம் படி: ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் அடையாளம் ஒட்டுங்கள்

தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது கிரேக்க வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்று அறிந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் வரலாறு படிக்கும்போது தலைவலி. அலெக்சாந்திரோஸ், நிகோலாஓஸ், யோவான்னிஸ், கொன்ஸ்தந்தீனோஸ் ஆகிய நான்கு பெயர்களும் தலைமுறைதோறும் சுற்றிச் சுற்றி வரும். பெயரை நம்பாமல் பட்டப்பெயரையும் ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

முதலாமவர் 1641இல் பிறந்த அலெக்சாந்திரோஸ். அவருக்கு எக்ஸாபோரிட்டோன் என்ற பட்டம் உண்டு. அந்தரங்க ஆலோசகர், இரகசியங்களைக் காப்பவர் என்று பொருள். இவரிடம் கொஞ்ச நேரம் தங்குங்கள். ரோமிலும் பதுவாவிலும் பொலோன்யாவிலும் படித்தவர். 1664இல் இரத்த ஓட்டத்தையும் நுரையீரலின் வேலையையும் பற்றி லத்தீனில் ஆய்வு எழுதியவர். 1673இல் நிகூசியோஸ் இறந்ததும் பெரிய துபாஷி ஆனார். பத்து ஆண்டுகள் கழித்து உதுமானியர்கள் நடத்திய வியன்னா முற்றுகை தோற்றது. படையை நடத்திய காரா முஸ்தபா பாஷாவைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அவருடைய ஆள் என்பதால் அலெக்சாந்திரோஸையும் சிறையில் போட்டார்கள். அவருடைய மனைவியும் வயதான தாயும்கூடத் தப்பவில்லை. பெரும் பணம் கட்டி மீண்டார். சில காலத்தில் அதே அரசு அவரை மறுபடியும் அதே நாற்காலிக்கு அழைத்தது, ஏனென்றால் அந்த வேலை தெரிந்தவர் வேறு யார்?

1699 ஜனவரி 26 அன்று கையெழுத்தான கார்லோவிட்ஸ் உடன்படிக்கையில் ராமி மெஹ்மத் எஃபெந்தியோடு சுல்தானின் பிரதிநிதியாக உட்கார்ந்தவர் இவர்தான். ஹங்கேரியின் பெரும்பகுதியை உதுமானியர்கள் இழந்த உடன்படிக்கை அது. பேரரசு தோற்கத் தோற்கப் பேச்சுவார்த்தைக்காரனின் மதிப்பு உயர்கிறது. இந்தக் குடும்பத்தின் உயர்வு உதுமானிய வெற்றிகளில் தொடங்கவில்லை, தோல்விகளில் தொடங்கியது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருபவற்றில் பாதி தானே விளங்கும்.

மற்ற மூவரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1782 முதல் 1785 வரை மால்டேவியாவை ஆண்டவர் தெலிபெய் எனப்பட்ட அலெக்சாந்திரோஸ். அவருக்கு அடுத்து அதே ஆசனத்துக்கு வந்து, 1787இல் ரஷ்யாவுக்கு ஓடிப்போனவர் ஃபிராரி. பட்டப்பெயருக்கே தப்பியோடியவர் என்றுதான் பொருள். நான்காமவர் 1791இல் பிறந்த புரட்சிக்கால அரசியல்வாதி. அவரைக் கடைசியில் பார்ப்போம்.

மூன்றாம் படி: தாய்மார்களைத் தேடுங்கள்

தந்தை வழியாக மட்டும் போனால் இந்தக் குடும்பம் கியோஸ் தீவிலிருந்து வந்த ஒரு பட்டு வணிகரோடு நின்றுவிடும். ஒரு வணிகரின் மகன் எப்படி ஒரே தலைமுறையில் அரண்மனைக்குள் போனார் என்பதற்கு விடை தாயிடம் இருக்கிறது. எக்ஸாபோரிட்டோனின் தாய் லொக்சாந்திரா. அவருடைய தந்தை ஸ்கார்லாதோஸ், உதுமானியப் படைக்கு ஆட்டிறைச்சி வழங்கும் குத்தகையில் கொழுத்த பணக்காரர். லொக்சாந்திராவுக்கு முதலில் வாலாகியாவின் இளம் ஆட்சியாளர் ஒருவரோடு திருமணம் நடந்தது. அது நிலைக்கவில்லை. பிறகுதான் கியோஸ் வணிகரை மணந்தார். அவருடைய படிப்பைப் பற்றியும் நல்ல பேர் இருந்தது. மகனோடு சிறைக்குப் போன வயதான தாய் என்று மேலே சொன்னது இவரைத்தான். அந்தத் துன்பத்திலேயே 1684இல் இறந்தார்.

இதற்கு அழகான சான்று உதுமானிய ஆவணங்களில் கிடைக்கிறது. எழுத்தர்கள் இவரை இஸ்கெர்லெட்ஸாதே, அதாவது ஸ்கார்லாதோஸ் வீட்டுப் பிள்ளை என்று எழுதினார்கள். தாய்வழித் தாத்தாவின் பெயர்தான் அரசாங்கத்துக்குத் தெரிந்த பெயர். தந்தையின் குடும்பப் பெயரை வைத்துத் துருக்கி ஆவணங்களில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று சோர்ந்துபோகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஸ்கார்லாதோஸ் என்ற பெயர் அதோடு முடியவில்லை. எக்ஸாபோரிட்டோனின் மகன் ஒருவருக்கு அதே பெயர். அந்த மகன் 1698இல் வாலாகியாவின் ஆட்சியாளர் பிரின்கோவியானுவின் மகள் இலின்காவை மணந்தான். மறு ஆண்டே இறந்துவிட்டான். எக்ஸாபோரிட்டோனின் மனைவி சுல்தானா வழியாகவோ மால்டேவியாவின் பழைய ஆளும் வம்சத்தோடு உறவு வந்தது. பின்னாளில் இன்னொரு மகன் நிகோலாஓஸ் அங்கே ஆளப் போனபோது அது வெறும் அலங்காரமாக இருக்கவில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. 19ஆம் நூற்றாண்டில் அச்சான வம்சாவளி நூல்களில் இத்தகைய குடும்பங்களை, உதுமானியருக்கு முன் கான்ஸ்டான்டிநோபிளை ஆண்ட பைசாந்தியப் பேரரசர்களோடு இணைக்கும் ஆசை மிகுதி. கந்தகூசினோஸ் குடும்பத்தைப் பாருங்கள். உப்பிலும் விலங்குத் தோல் வணிகத்திலும் பணம் குவித்து, 1578இல் சொந்த வீட்டு வாசலிலேயே தூக்கிலிடப்பட்ட மிகாயேல் கந்தகூசினோஸ் என்ற செல்வந்தர் வரை நல்ல சான்றுகள் உண்டு. அவருக்கு முன்னால் பேரரசர் வரை போகும் சங்கிலி ஆய்வாளர்களிடையே சர்ச்சைக்குரியது. எந்தக் கண்ணிக்குச் சமகால ஆவணம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

கிரேக்கக் குடும்பம் என்ற சொல்லையும் தளர்வாகவே பிடித்துக்கொள்ள வேண்டும். ஃபனார் வட்டத்தில் ஆண்ட கிகா குடும்பம் அல்பேனிய வேரிலிருந்து வந்தது. கல்லிமாக்கிஸ் குடும்பம் மால்டேவியாவைச் சேர்ந்தது. கல்மாஷு என்ற பெயரைக் கிரேக்கமாக்கிக்கொண்டது. கிரேக்கம் படித்து, ஆர்த்தடாக்ஸ் கோயிலுக்குப் போய், ஃபனாரில் பெண்ணெடுத்தால் போதும். இரத்தத்தை யாரும் சோதிக்கவில்லை.

நான்காம் படி: பணம் எங்கிருந்து வந்து எங்கே போனது?

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் பலர். எனக்கோ இதுதான் வரலாற்றின் நடுவம்.

1711இல் ரஷ்யாவின் மன்னர் பீட்டர் படையெடுத்து வந்தபோது, மால்டேவியாவின் ஆட்சியாளர் திமித்ரி கந்தெமிர் அவர் பக்கம் சாய்ந்தார். ப்ரூட் ஆற்றங்கரையில் ரஷ்யப் படை சுற்றிவளைக்கப்பட, கந்தெமிர் ரஷ்யாவுக்குப் போய்விட்டார். 1714இல் சுல்தான் பிரின்கோவியானுவையும் அவருடைய நான்கு மகன்களையும் கான்ஸ்டான்டிநோபிளில் வெட்டிக் கொன்றார். உள்ளூர்ப் பிரபுக்களான போயார்களில் ஒருவரை இனி நம்ப முடியாது என்று அரண்மனை முடிவெடுத்தது. எக்ஸாபோரிட்டோனின் மகன் நிகோலாஓஸ் 1709இலேயே ஒருமுறை மால்டேவியாவுக்கு அனுப்பப்பட்டிருந்தார்; 1711இல் மறுபடியும் அங்கே போனார், 1716இல் வாலாகியாவுக்கு மாறினார். வீடு, உறவு, கடன் எல்லாம் தலைநகரில் இருக்கும் ஒருவர் எளிதில் எதிரிப் பக்கம் ஓடமாட்டார் என்பது கணக்கு.

ஆனால் ஆசனம் இலவசம் அல்ல. நியமனத்துக்குப் பணம், சுல்தானுக்கும் வஸீருக்கும் காணிக்கை, ஆண்டுதோறும் நியமனத்தை உறுதிப்படுத்த ஒரு தொகை, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதைவிடப் பெரிய தொகை. கையில் அவ்வளவு பணம் யாரிடம் இருக்கும்? கடன் வாங்கினார்கள். கடன் கொடுத்தவர் தம் ஆட்களை உடன் அனுப்பினார். போன இடத்தில் வரி ஏற்றினார்கள். இடையே ஃபனாரில் இன்னொரு குடும்பம் அதிக விலை சொன்னால் ஆசனம் கைமாறும். அதனால் தலைநகரில் கபுகெஹயா என்ற முகவர் ஒருவரை நிறுத்தி, யார் என்ன பேசுகிறார்கள் என்று நாள்தோறும் அறிந்துகொண்டார்கள்.

இந்தச் சுழற்சி புரிய வேண்டுமானால் நிகோலாஓஸின் மகன் கொன்ஸ்தந்தீனோஸின் ஆட்சிக்காலங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 1730 முதல் 1769 வரை வாலாகியாவில் ஆறு முறை, மால்டேவியாவில் நான்கு முறை. சில ஆட்சிகள் ஓராண்டைக்கூடத் தொடவில்லை. அரசர் என்று எழுதக் கை கூசும். குத்தகைதாரர் என்றாலும் முழு உண்மை ஆகாது, ஏனென்றால் அடுத்த படியில் வரும் காரியங்களைச் செய்தவரும் இவரே.

ஐந்தாம் படி: ஒரே மனிதரை மூன்று திசையிலிருந்து பாருங்கள்

ருமேனியாவின் தேசிய வரலாறுகளில் ஃபனாரியோட்டு என்ற சொல் நெடுங்காலம் வசைச்சொல்லாகவே இருந்தது: பேராசைக்காரன், அந்நியன், சூழ்ச்சிக்காரன். கிரேக்கப் பாடநூல்களில் அதே ஆட்கள் கல்வியை வளர்த்தவர்கள், தேசத்தின் விழிப்புக்கு நெய் ஊற்றியவர்கள். உதுமானிய நோக்கில் அவர்கள் அரசு ஊழியர்கள், அவ்வளவுதான். மூன்றில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு எழுத உட்காராதீர்கள்.

கொன்ஸ்தந்தீனோஸ் 1746இல் வாலாகியாவிலும் 1749இல் மால்டேவியாவிலும் பண்ணையடிமை முறையை ஒழித்தார். அவருடைய சீர்திருத்தச் சாசனம் 1742இலேயே பாரிஸில் ஒரு பிரெஞ்சு இதழில் அச்சானது. அறிவொளிக்கால அரசர் என்று பெயர் கிடைத்தது. கருணையால் செய்தாரா? வரி தாங்காமல் குடியானவர்கள் எல்லை தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆள் இல்லாத ஊரில் யாரிடம் வரி வாங்குவது? திரும்பி வருகிறவர்களுக்கு விடுதலை என்று தொடங்கியதுதான் எல்லோருக்கும் விடுதலை என்று விரிந்தது. அதே மண்ணில் அடிமைகளாக இருந்த ரோமா மக்களை இந்தச் சட்டம் தொடவில்லை. அவர்கள் இன்னும் ஏறத்தாழ நூறாண்டு காத்திருந்தார்கள். கருவூலத்துக்காகச் செய்ததால் அந்தச் சீர்திருத்தம் பொய்யாகிவிடாது என்பது என் கருத்து. ஆனால் காரணத்தை மறைத்து எழுதுகிறவர்களை நம்பாதீர்கள்.

அவருடைய தந்தை நிகோலாஓஸின் கதையும் அப்படித்தான். ஐரோப்பாவில் பேசப்பட்ட நூலகம் வைத்திருந்தவர். கடமைகளைப் பற்றி அவர் கிரேக்கத்தில் எழுதிய நூல் 1719இல் புக்காரெஸ்டில் அச்சானது. நவீன கிரேக்கத்தின் முதல் நாவல் என்று சிலர் சொல்லும் படைப்பும் அவருடையதே. அது அச்சேறியது 1800இல், வியன்னாவில். 1716இல் ஆஸ்திரியப் படை அவரைப் பிடித்துக்கொண்டு போனது. திரும்பி வந்து ஆண்டு, 1730இல் கொள்ளைநோயில் இறந்தார். புக்காரெஸ்டின் அருகே அவர் கட்டிய வகரெஷ்டி மடம் பின்னாளில் சிறையானது, 1980களில் ருமேனியாவின் சர்வாதிகாரி செளஷெஸ்குவின் ஆட்சி அதை இடித்தது. பக்கத்திலிருந்த ஏரிப்படுகைதான் இன்று அந்தப் பெயரில் இயற்கைப் பூங்காவாக இருக்கிறது. மடத்தைத் தேடிப் போனால் நாணலும் நீர்ப்பறவையும்தான் கிடைக்கும்.

ஆறாம் படி: தேதிக்குப் பக்கத்தில் எந்த நாட்காட்டி என்று குறியுங்கள்

சிறிய வேலை, பெரிய குழப்பத்தைத் தவிர்க்கும். கிரேக்கரும் ருமேனியரும் ஜூலியன் நாட்காட்டியில் எழுதினார்கள். மேற்கு ஐரோப்பிய நாட்காட்டிக்கு அது 17ஆம் நூற்றாண்டில் 10 நாளும், 18இல் 11 நாளும், 19இல் 12 நாளும் பின்தங்கும். உதுமானிய ஆவணங்களில் ஹிஜ்ரி. ஒரே நிகழ்ச்சி இரண்டு நூல்களில் இரண்டு தேதியில் இருந்தால் முதலில் இந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள். ஊர்ப் பெயர்களுக்கும் இதே கவனம் வேண்டும். ருமேனிய நூல்களில் குடும்பப் பெயர் மாவ்ரொகொர்தாத் என்று வால் அறுந்து நிற்கும். லொக்சாந்திரா ருக்சாந்திரா ஆகிவிடுவார்.

ஏழாம் படி: 1821இல் நிறுத்தி, திரும்பிப் பாருங்கள்

அந்த ஆண்டு அலெக்சாந்திரோஸ் இப்சிலாந்திஸ் ரஷ்யாவிலிருந்து ப்ரூட் ஆற்றைக் கடந்து மால்டேவியாவில் நுழைந்தார். அவரும் ஃபனார் வீட்டுப் பிள்ளைதான். அவருடைய தந்தையும் தாத்தாவும் மால்டேவியாவையும் வாலாகியாவையும் ஆண்டவர்கள். கலகம் தெற்கே பரவியதும் பழி ஃபனாரின் மீது விழுந்தது. பெரிய துபாஷி கொன்ஸ்தந்தீனோஸ் மூருஸிஸின் தலை வெட்டப்பட்டது. பேட்ரியார்க் ஐந்தாம் கிரிகோரியோஸ் ஜூலியன் ஏப்ரல் 10, அதாவது நம் கணக்கில் ஏப்ரல் 22, ஈஸ்டர் ஞாயிறன்று, தம் வளாகத்தின் வாசலிலேயே தூக்கிலிடப்பட்டார். முஸ்லிம்களுக்கே ஐரோப்பிய மொழிகளைக் கற்றுத்தர அரசு மொழிபெயர்ப்பு அலுவலகம் ஒன்றைத் தொடங்கியது. மால்டேவியாவும் வாலாகியாவும் உள்ளூர்க்காரர்களிடம் திரும்பின.

நான்காம் அலெக்சாந்திரோஸ் அப்போது எங்கே இருந்தார்? வாலாகியாவை ஆண்ட உறவினர் யோவான்னிஸ் கராட்ஸாஸ் 1818இல் தப்பியோடியபோது உடன் போய், இத்தாலியின் பீசா நகரில் இருந்தார். அங்கே ஆங்கில எழுத்தாளர் மேரி ஷெல்லிக்குக் கிரேக்கம் கற்றுக்கொடுத்தார். மேரியின் கணவரான கவிஞர் ஷெல்லி ஹெல்லாஸ் என்ற நாடகத்தை அவருக்குக் காணிக்கையாக்கினார். புரட்சி வெடித்ததும் கப்பலேறினார். எபிதாவ்ரோஸில் கூடிய முதல் தேசிய சபைக்குத் தலைவர், 1822இல் நிர்வாகக் குழுவின் தலைவர். அதே ஆண்டு பேத்தா என்ற இடத்தில் படை நடத்தித் தோற்றார், மிசோலோங்கி நகரைக் காத்தார். மலைநாட்டுத் தலைவர்கள் நடுவே ஐரோப்பியக் கோட்டும் மூக்குக் கண்ணாடியுமாகத் திரிந்த அவரைப் பலருக்குப் பிடிக்கவில்லை. புதிய கிரேக்க நாட்டில் பலமுறை பிரதமராக இருந்து 1865இல் இறந்தார். பேச்சுவார்த்தை, கடிதம், வெளிநாட்டுத் தூதர்களோடு நெருக்கம் என்று அவர் கையாண்ட கருவிகளை எக்ஸாபோரிட்டோன் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் குறிப்பேட்டில் இருவரும் ஒன்றாகிப் போனது முழுக்க என் மறதியால் மட்டும் அல்ல என்று எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

1821க்குப் பிறகும் ஃபனார்க் குடும்பங்கள் உதுமானியப் பணியை விட்டுவிடவில்லை. கொஸ்தாகி முசூருஸ் பாஷா முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக லண்டனில் சுல்தானின் தூதராக இருந்தார். 1878இல் பெர்லின் மாநாட்டுக்குச் சுல்தான் அனுப்பிய முதன்மைப் பிரதிநிதி அலெக்சாந்திரோஸ் கரதியோதோரி பாஷா. அது வேறு கதை, வேறு குறிப்பேடு.

இஸ்தான்புல் போகும் வாய்ப்பு கிடைத்தால்

இன்று அந்தப் பகுதிக்கு ஃபெனெர் என்று பெயர். குன்றின் மேல் கண்ணைப் பறிக்கும் பெரிய சிவப்புச் செங்கல் கட்டடத்தைப் பார்த்து, அதுதான் பேட்ரியார்க்கின் இருப்பிடம் என்று பயணிகள் படம் எடுப்பார்கள். அது பள்ளிக்கூடம், 1880களில் எழுந்த கட்டடம். வண்ணம் பூசிய வரிசை வீடுகளும் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுக்கு முந்தியவை அல்ல. மாவ்ரோகொர்தாடோஸ்கள் வாழ்ந்த ஃபனாரை அவற்றில் தேடாதீர்கள். பேட்ரியார்க்கின் வளாகம் கீழே, கரைக்கு அருகில் அடக்கமாக இருக்கிறது. அதன் நடு வாயில் 1821 முதல் பூட்டியே கிடக்கிறது. பக்கத்து வாசல் வழியாக உள்ளே போக வேண்டும்.